பச்சையம் குடிக்காத ரஞ்சினி மிஸ்

ரஞ்சினி மிஸ் இறந்துவிட்டார் என்ற செய்தி எங்கள் பாடசாலை ஆசிரியர்களின் வட்ஸ்அப் குழுவில்தான் எனக்கு வந்தது. போட்டவர் யோகன் சேர், எங்கள் உதவி அதிபர். எரியும் குத்துவிளக்கின் படம். கீழே, "உயிரியலுக்கு உயிர் கொடுத்தவர், அன்பின் திருவுருவம், ஈடு செய்ய முடியாத இழப்பு" என்று எழுதியிருந்தார். கூப்பிய கைகள் வரிசையாக விழத் தொடங்கின. அன்று பின்னேரமே அதே குழுவில் அதே யோகன் சேர் இன்னொரு படம் போட்டார். பச்சைத் திரவம் நிறைந்த போத்தல். "புதிதாக வந்துள்ளது, தேவையானவர்கள் தொடர்பு கொள்ளவும்." அதற்கும் சிலர் கை கூப்பியிருந்தார்கள். எதற்குக் கூப்புகிறோம் என்று பார்த்துக் கூப்பும் வழக்கம் எங்கள் ஆசிரியர் அறையில் இல்லை.

அவரைத் தெரிந்த, அந்த அறையில் இருந்த உங்களுக்குத்தான் இதை எழுதுகிறேன். அன்பின் திருவுருவம் என்று யாரைச் சொல்கிறீர்கள்? வெள்ளவத்தையில் கடல் பக்கமாக இறங்கும் ஒழுங்கை ஒன்றில் அக்காவுடன் குடியிருந்த, முட்டாள்தனத்தைக் கண்டால் முகத்துக்கு நேரே காறித் துப்பாத குறையாகக் கதைத்த அந்த மனுசியையா? ரஞ்சினி மிஸ் அன்பானவர் அல்ல. அவர் உயிரோடு இருந்தபோது நீங்களும் அப்படிச் சொன்னதில்லை.

நான் புதிதாகச் சேர்ந்த நாட்களில் ஒன்பதாம் வகுப்புக் கரும்பலகையில், "தாவரங்கள் பகலில் ஒளித்தொகுப்புச் செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன" என்று எழுதினேன். வெள்ளவத்தை ரியூசன் குறிப்புகள் எல்லாவற்றிலும் இருக்கும் வசனம். விறாந்தையால் போன ரஞ்சினி மிஸ் வாசலில் நின்றார்.

"அப்ப பகல் முழுக்க மூச்சை அடக்கிக்கொண்டு நிக்குதோ, சேர்?"

பிள்ளைகள் சிரித்தார்கள். இடைவேளையில் என்னைக் கூப்பிட்டு, "நீர் படிப்பிக்கேல்லை, ஒப்பிக்கிறீர்" என்றார். பிறகு விளக்கினார். இலையின் கலத்தில் இருக்கும் பச்சையவுருமணி வெளிச்சத்தைக் கொண்டு சீனியை ஆக்குகிறது. ஆனால் ஆக்கிய சீனியை அப்படியே வைத்துக்கொண்டு மரம் ஒரு வேர்கூட விட முடியாது. அதை ஒட்சிசன் கொண்டு உடைத்துச் சக்தியை எடுக்க வேண்டும். அந்த வேலையைப் பெரும்பாலும் கலத்துக்குள் இருக்கும் இன்னொரு நுண்ணுறுப்பான இழைமணி செய்கிறது, இரவும் பகலும். எங்கள் உடம்புக் கலங்களிலும் அதே இழைமணிதான், அதே வேலைதான். "சமைக்கிறதிலதான் வித்தியாசம். சாப்பிடுற விதம் மரத்துக்கும் மனுசனுக்கும் ஒண்டு. சமைக்கத் தெரியாத மனுசன் மரத்தின்ர கையைப் பாத்துக்கொண்டு நிக்க வேணும், அவ்வளவுதான்." சொல்லிவிட்டுத் தன் தேநீரை மட்டும் ஊற்றிக் குடித்தார்.

பச்சையம் கரைத்த அந்தப் போத்தல்கள் ஆசிரியர் அறைக்கு வந்தது அடுத்த வருடம். யோகன் சேர் விஞ்ஞானப் பட்டதாரி. காலையில் ஒளித்தொகுப்புப் பாடம் எடுப்பார், இடைவேளையில் போத்தல் விற்பார். "செடிக்குச் சூரியன் குடுக்கிற சக்தி இதில அப்பிடியே இருக்கு. நேரா இரத்தத்துக்குப் போகும். களைப்பு, சீனி வருத்தம், ஒண்டும் நிக்காது." கணிதப் பட்டதாரி குடித்தார். ஆங்கிலப் பட்டதாரி குடித்தார். சுகாதாரம் படிப்பிக்கிறவர் இரண்டு போத்தல் வாங்கினார். எல்லோருடைய நாக்கும் பச்சையாக இருந்தது.

ரஞ்சினி மிஸ் ஒரு போத்தலை யன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "பச்சையத்தில எங்க சேர் சக்தி இருக்கு? அது வெளிச்சத்தைப் பிடிக்கிற சாமான். வலையைத் திண்டா மீன் திண்ட மாதிரியோ? உங்கட வயித்துக்குள்ள என்ன, வெயில் எறிக்குதோ?"

எல்லோரும் சிரித்தார்கள். "மிஸ்ஸுக்கு எப்பவும் பகிடிதான்" என்றார்கள். சிரித்துக்கொண்டே வாங்கினார்கள். தாங்கள் ஆறாம் வகுப்பிலிருந்து படித்துப் பாஸ் பண்ணிய விசயத்தை ஒருதரும் நம்பவில்லை என்பது எனக்கு அன்றுதான் விளங்கியது. பரீட்சைக்கு ஒரு விஞ்ஞானம், வீட்டுக்கு இன்னொன்று.

ஒன்பதாம் வகுப்பில் டிலானி என்றொரு பிள்ளை படித்தது. தாய் செல்வி அக்கா மலையகத் தோட்டமொன்றிலிருந்து வந்தவர். கொட்டாஞ்சேனையில் ஓர் அறையில் குடியிருந்துகொண்டு வெள்ளவத்தைப் புடைவைக் கடையில் வேலை செய்தார். பிள்ளைக்குச் சிறு வயதிலிருந்தே சீனி வருத்தம். உடம்பில் இன்சுலின் சுரக்காது. சாப்பாட்டுக்கு முன்னால் ஊசி போட்டால்தான் சாப்பாடு உடம்பில் சேரும். ஒருநாள் ரஞ்சினி மிஸ்ஸின் பாடத்தில் அந்தப் பிள்ளை மேசையில் சரிந்து கிடந்தது. ஓடி வந்ததுபோல மூச்சு வாங்கியது. மிஸ் குனிந்து அதன் வாயை மணந்து பார்த்தார்.

"ஊசி போட்டனியோ?"

"இல்ல மிஸ். யோகன் சேர் குடுத்த பச்சைத் தண்ணி குடிக்கிறேன். ஊசி வேணாம்னு அம்மா சொல்லிட்டாங்க."

மிஸ் என்னைக் கூப்பிட்டார். சத்தம் கேட்டு வந்த யோகன் சேர், "களைப்புத்தான், கொஞ்சம் குளுக்கோஸ் கரைச்சுக் குடுங்கோ" என்றார். இரத்தம் முழுக்கச் சீனியோடு செத்துக்கொண்டிருந்த பிள்ளைக்கு, விஞ்ஞானப் பட்டதாரி சொன்ன வைத்தியம் அது. பெற்றோர் வரும்வரை பிள்ளையை வெளியே விட முடியாது என்று அதிபர் சொல்லியனுப்பினார். நாங்கள் இருவரும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு காலி வீதிக்கு வந்து முச்சக்கர வண்டி ஒன்றை மறித்தோம். "மல்லி, இஸ்பிரிதாலெட்ட! இக்மனட்ட!" என்று, தம்பி, ஆஸ்பத்திரிக்குக் கெதியாய் விடு என்பதை மிஸ் சிங்களத்தில் கத்தினார். அந்த இளைஞன் ஒரு கேள்வியும் கேட்காமல் ஹோர்னை அழுத்தியபடி ஆஸ்பத்திரிக்குப் பறந்தான். அன்று யோசிக்காமல் சரியானதைச் செய்த ஒரே அந்நியன் அவன்தான்.

கடையிலிருந்து ஓடிவந்த தாயை மிஸ் வாட்டு வாசலில் வைத்தே பிடித்தார். தாதிகளும் நோயாளிகளும் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"நீ ஒரு தாயோ? உன்ர பிள்ளை சோத்துப் பானைக்குள்ள இருந்துகொண்டு பட்டினி கிடக்குது, தெரியுமோ? இரத்தத்தில சீனி இருக்கு, கலத்துக்குள்ள போகுதில்லை. இன்சுலின்தான் வழி விடுற சாமான், அதை நிப்பாட்டிப் போட்டாய். அடுப்புக்கு விறகில்லையெண்டு வீட்டு யன்னலைக் கழட்டி எரிக்கிற மாதிரி அவளின்ர உடம்பு கொழுப்பை எரிக்குது. வாயில மணக்கிறது அந்தப் புகைதான்!"

"சார் படிச்சவருங்க டீச்சர்" என்று செல்வி அக்கா அழுதார். "ஊசி போடுற புள்ளைன்னு தெரிஞ்சா நாளைக்கு யாரு கட்டுவாங்கன்னு கேட்டாரு. நாங்க என்னத்தக் கண்டோம்? உங்க ஸ்கூல் சார்தானே அவரு?"

மிஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படியே வாங்கில் உட்கார்ந்தார். பிள்ளை கண் திறக்கும் வரைக்கும் எழும்பவில்லை.

டிலானி தப்பியது. அடுத்த நாள் இடைவேளையில் யோகன் சேர் தன் சாப்பாட்டுப் பார்சலை அவிழ்க்கப் போனார். ரஞ்சினி மிஸ் அதை இழுத்தெடுத்துக்கொண்டு, பச்சைப் போத்தலை அவர் முன்னால் வைத்தார்.

"குடியுங்கோ. வெளியில நல்ல வெயில். மைதானத்தில போய் நிண்டு சமையுங்கோ. சோறு எங்களுக்கு. செடிக்கு என்னத்துக்குச் சோறும் கத்தரிக்காய்க் கறியும்?"

"மிஸ், பார்சலைத் தாங்கோ."

"பசிக்குதோ? அந்தப் பிள்ளைக்கும் பசிச்சது."

அன்று எவரும் சிரிக்கவில்லை. அதிபர் அவரைக் கூப்பிட்டு, "பிள்ளை தப்பிற்றுதுதானே மிஸ், ஏன் இதைப் பெரிசாக்கிறீங்கள்?" என்றார். ஆசிரியர் அறையின் ஒற்றுமையைக் குலைத்தவர் என்ற பழி அவர்மேல் விழுந்தது. உயர்தர உயிரியல் வகுப்பைப் பறித்து ஆறாம் வகுப்பைக் கொடுத்தார்கள். யோகன் சேருக்கு ஒன்றும் நடக்கவில்லை. போத்தல்கள் சில வாரம் அலுமாரிக்குள் இருந்துவிட்டு மறுபடி மேசைக்கு வந்தன. நீங்கள் மறுபடி வாங்கினீர்கள்.

அதன் பிறகு ஒவ்வொரு இடைவேளையிலும் மிஸ் டிலானியின் வகுப்புக்குப் போனார். பிள்ளை கழிப்பறைக்குள் ஒளித்து ஊசி போடப் போகும்போதெல்லாம் மறித்தார். "என்ன, களவெடுக்கிற வேலையோ இது? எல்லாரும் சாப்பிடுற இடத்தில இருந்து போடு. பாக்கிறவன் பாத்துப் படிக்கட்டும்." பிள்ளை அழும். இவர் விடமாட்டார். அதுவும் அன்பு என்று யாராவது எழுத வருவீர்கள். அன்பென்றால் அந்தப் பிள்ளைக்கு அவரைக் கண்டு அவ்வளவு பயம் இருந்திருக்காது.

மிஸ் போன மாதம் நித்திரையிலேயே போய்விட்டார். நினைவு மலர்க் குழுவுக்குத் தலைவர் யோகன் சேர். "தம்பி, நீர் வடிவா எழுதுவீர். ரெண்டு பக்கம் தாரும். உந்த ஆஸ்பத்திரிக் கதையை மட்டும் விடும். செத்தவவைப் பற்றி நல்லதைத்தானே எழுத வேணும்" என்றார்.

"அதுதான் சேர் நல்லது" என்றேன். எழுதிக் கொடுத்தேன். மலரில் அது இல்லை. அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

மிஸ்ஸின் முப்பத்தோராம் நாள் நினைவுக்கு வெள்ளவத்தை மண்டபமொன்றில் மதியச் சாப்பாடு. செல்வி அக்கா மிஸ்ஸின் படத்துக்குப் பக்கத்தில் போகவில்லை. வாசலோடு நின்று என்னிடம் சொன்னார்: "செத்தவங்களக் குறை சொல்லக் கூடாது சார். ஆனா அத்தன பேரு முன்னால என்னையப் பாத்து நீ ஒரு தாயான்னு கேட்டாங்களே, அது இன்னும் போகல." போகத் தேவையில்லை அக்கா என்றேன்.

டிலானி இப்போது உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறது. பந்தியில் உட்கார்ந்து, இலையில் சோறு விழுந்ததும், சட்டைக் கையை மடித்துவிட்டு ஊசியை எடுத்தது. பரிமாறிக்கொண்டு வந்த யோகன் சேர் குனிந்து, "பிள்ளை, சனம் சாப்பிடுற இடம். உள்ளுக்குப் போய்ப் போடுமன்" என்றார்.

"ஏன் சேர்? சாப்பாடு இங்கதானே இருக்கு."

போட்டுவிட்டுச் சோற்றைப் பிசைந்தது. "பருப்பு கொஞ்சம் விடுங்க சேர்" என்றது. அவர் விட்டார்.

அன்பு, தியாகம், அர்ப்பணிப்பு எல்லாம் மலரில் இருக்கின்றன. எழுதியவர்களே வைத்துக்கொள்ளுங்கள். ரஞ்சினி மிஸ்ஸிடமிருந்து நான் எடுத்துக்கொள்வது அவருடைய இகழ்ச்சியை. செல்வி அக்காவின் மேல் விழுந்த பங்கை விட்டுவிட்டு, உங்கள் மேல் விழுந்த பங்கு முழுவதையும் எடுத்துக்கொள்கிறேன். அது இருந்தபடியால்தான் அந்தப் பிள்ளை அன்று பந்தியில் இருந்தது.