சுவரில்லாத மாடி

இரண்டு வருடங்களுக்கு முன்பு, விடாமல் தூறிக்கொண்டிருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், பெங்களூரு மர்பி டவுனில் நடந்தது இது. எனக்கும் கணவருக்கும் ஆம்பூர்ப் பக்கம் சொந்த ஊர். இருவருக்கும் ஐ.டி. வேலை. ஆடுகோடியில் வாடகைக்கு இருந்துகொண்டு, லீவு நாளெல்லாம் விலைக்கு வீடு பார்த்து அலைந்தோம். பார்த்துப் பார்த்துச் சலித்ததில் எனக்கு வாய் நீண்டுபோயிருந்தது. எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் முதலில் ஒரு குறை சொல்வேன்.

அன்றைக்குப் பார்க்கப்போனது 'லாஃப்ட்' வீடு. லிஃப்ட் இல்லாத பழைய கட்டடத்தில் மூன்றாவது மாடி. உயரமான கூடம். அதிலேயே மரப்படி ஏறினால் பாதி உயரத்தில் இன்னொரு தளம். அதற்குச் சுவர் கிடையாது, இடுப்பளவு கம்பித் தடுப்புதான். கீழே தெருவில் மாரியம்மன் கோவில், நாலு கடை தள்ளி மசூதி, முனையில் சர்ச். "எல்லா ஜனமும் இருக்கிற ஏரியா மேடம்" என்று புரோக்கர் கொஞ்சம் தயங்கித்தான் சொன்னார்.

கதவைத் திறந்த வீட்டுக்காரருக்கு அறுபத்தைந்து வயதிருக்கும். புரோக்கரிடம் கன்னடத்தில் பேசிவிட்டு, எங்களைப் பார்த்துத் தலையசைத்து, டீ போட உள்ளே போனார். கன்னடக்காரர் என்று நானாகவே முடிவு செய்துகொண்டேன்.

"என்னங்க இது, ஆஸ்பத்திரி வாடை அடிக்குது? யாரோ சாகக் கெடக்கிற வீடு மாதிரி இருக்கு. சும்மா குடுத்தாக்கூட எனக்கு வேணாம்" என்றேன், சத்தமாகவே. கணவர் சிரித்தார்.

மேலேயிருந்து ஒரு இருமல். அப்புறம் ஒரு பெண் குரல், தமிழில்: "படி வழுக்கும்மா. பாத்து ஏறி வாங்க."

நான் சொன்னதெல்லாம் அவர் காதில் விழுந்திருக்கிறது. திரும்பி ஓடவும் வழியில்லை. ஏறினேன். கட்டிலில் ஒரு அம்மா படுத்திருந்தார். தலையில் ஸ்கார்ஃப், போர்வைக்குள் உடம்பு இருப்பதே தெரியவில்லை. வீட்டுக்காரரின் மனைவி.

"வாடை அடிக்கத்தாம்மா செய்யும். ஜன்னலத் தொறந்து வைக்கலாம்னா மழை" என்றார். கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை.

பிறகு விரல் நீட்டிக் காட்டினார். "அந்த மூலையில ஒழுகும். புரோக்கர் சொல்லியிருக்க மாட்டாரு. நீங்க தெரிஞ்சிக்கணும் இல்ல?" தெருவைப் பற்றியும் சொன்னார். "பயப்படாதீங்க. நான் மயங்கி விழுந்தன்னிக்கு, சேர்ல உக்கார வச்சி மூணு மாடி எறக்கினது பக்கத்து வீட்டு பாயும் எதிர்வீட்டு டெய்லரும்தான்."

எதற்கு விற்கிறீர்கள் என்று கணவர் கேட்டார்.

"டாக்டரு, இனி ஒண்ணும் செய்யறதுக்கில்ல, வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்கன்னுட்டாரு. நான் போனப்புறம் இவரு இந்தப் படியில தனியா ஏறி எறங்கவாணாம். ஓசூர்ல பொண்ணு இருக்கா. நான் இருக்கறப்பவே இத முடிச்சிட்டா நிம்மதி."

வீட்டுக்காரர் டீ கொண்டுவந்து கொடுத்தார். மன்னிச்சிடுங்கம்மா என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை. டீயைச் சுடச்சுடக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

மூன்று நாள் கழித்து வீட்டுக்காரரே போன் செய்தார். அழகான தமிழ்.

"வீட்ல சொல்றாங்கம்மா, அந்தப் பொண்ணுக்கே குடுத்துடலாம்னு. மத்தவங்கல்லாம் வீடு நல்லாருக்குன்னு சொல்லிட்டுப் போயிடறாங்க, அப்புறம் போனே எடுக்கறதில்ல. நீங்க மனசுல பட்டத சொல்லிட்டீங்களாம்."

அப்படிப் பேசிவிட்டு, அந்த வீட்டில் தினமும் அந்தப் படி ஏற என்னால் முடியாது என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லாமல், "லோன் கிடைக்கல சார்" என்று பொய் சொன்னேன். "சரிம்மா, நல்லாருங்க" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் போய் மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்று நினைப்பேன். ஏதாவது ஒரு சாக்கு வந்துவிடும். ஒன்றரை மாதம் கழித்துத்தான் தனியாகப் போனேன். வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டு பாய் எட்டிப் பார்த்தார். "அம்மா போயி பத்து நாளாச்சு. அவரு ஓசூர் போயிட்டாரு. வீடு இன்னும் விக்கல" என்றார்.

அங்கேயே படியில் உட்கார்ந்து அவருக்குப் போன் செய்தேன். நான் யாரென்று சொன்னேன். அன்றைக்குப் பேசியது தப்பு, லோன் விஷயமும் பொய் என்று அழுதுகொண்டே சொல்லிமுடித்தேன்.

"அவ அத அன்னிக்கே மறந்துட்டாம்மா" என்றார். "எனக்குத்தான் மறக்கல."

திட்டவில்லை. பரவாயில்லை என்றும் சொல்லவில்லை. போனை மெதுவாக வைத்துவிட்டார்.

பிறகு நாங்கள் ஆனேக்கல் பக்கம் ஒரு ஃபிளாட் வாங்கிக் குடிவந்துவிட்டோம். கேட்க வேண்டியவர் உயிரோடு இருக்கும்போது கேட்காத மன்னிப்பை அப்புறம் யாரிடம் கேட்டாலும், அது என் பாரத்தை இன்னொருவர் தலையில் இறக்கிவைப்பதாகத்தான் ஆகும் என்பதை, மனைவியை இழந்து பத்தே நாளான ஒரு மனிதரிடம் அப்படிச் செய்த பிறகுதான் நான் தெரிந்துகொண்டேன்.