சிரிக்காத படம்

மைசூர் நீதிமன்றத்துக்கு எதிரே போட்டோ ஸ்டூடியோ வைத்திருந்தார் அவர். ஒல்லியான மனிதர், கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றியிருப்பார். வழக்குக்காக எந்தக் காயத்தைப் படமெடுத்தாலும் பக்கத்தில் அளவுகோலை வைத்துத்தான் எடுப்பார்.

பாஸ்போர்ட் படத்துக்காக நான் காத்திருந்தபோது, தமிழ்நாட்டு எல்லையோரத்து ராமாபுரத்துக்காரர் ஒருவர் உள்ளே இருந்தார். மைசூரின் ஹெப்பாள் பகுதித் தொழிற்சாலை ஒன்றில் அவருடைய வலது கையின் இரண்டு விரல்கள் போயிருந்தன. நஷ்டஈட்டு வழக்கில் கொடுக்கப் படம் வேண்டும். விசேஷத்துக்குப் போடும் சட்டையில் வந்திருந்தார்.

கையை மட்டும் எடுத்தாயிற்று. அது அவருடைய கைதான் என்று காட்ட, முகத்தோடும் ஒரு படம் தேவை. ஸ்டூடியோக்காரர் கேமராவைத் தூக்கியதும் அவர் சிரித்தார்.

"சிரிக்காதீங்கண்ணா. ஆளு நல்லாத்தானே இருக்காருன்னு கம்பெனி வக்கீல் சொல்லிடுவாரு."

"சிரிக்கலீங்க. போட்டோன்னா மொகம் அப்படி ஆயிருதுங்க."

மூன்று முறை எடுத்தும் சிரிப்பு போகவில்லை. நான்காவது முறை ஸ்டூடியோக்காரர் கேமராவில் கண்ணை வைத்தபடியே கேட்டார்: "அந்த ரெண்டு விரலையும் என்ன பண்ணாங்கண்ணா?"

முகம் மாறியது. கிளிக் சத்தம் கேட்டது.

"மெஷினோட சேத்துக் கழுவி உட்டுட்டாங்களாமுங்க" என்றார் அவர். ஸ்டூடியோக்காரர் அதற்குள் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பிவிட்டிருந்தார்.

படம் தெளிவாக வந்திருந்தது. அப்படியொரு கேள்வியை ஸ்டூடியோக்காரர் இதற்கு முன் எத்தனை பேரிடம் கேட்டிருப்பார் என்று இப்போதும் யோசிக்கிறேன்.