தடிப்பின் வேர்

சமஸ்கிருத ‘பஹுல’வும் கிரேக்க ‘பக்குஸ்’ஸும் ‘தடித்தது’ என்ற ஒரே ஆதிவேரில் பிறந்தவை என்று நூலகத்து அகராதியில் படித்ததும், சிறுவயதில் ஸ்ரீவராகத்தில் நாங்கள் இருந்த வீட்டின் மைதாப் பசை வாசனை மூக்கில் ஏறியது. அக்கா பழைய கல்யாணப் பத்திரிகைகளை ஒட்டி அட்டையாக்கி, இதே சொற்களை ஜோடியாக எழுதி வைத்திருந்தாள்.

அவளைப் பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஓர் அட்டையைத் தூக்கிக் காட்டினேன்.

“பக்குஸாம்! கிரேக்கனும் வெத்தலை பாக்கு போடுவானோ?”

எல்லோரும் சிரித்தார்கள்.

“ரெண்டுக்கும் ஒரே வேர்தான்டா,” என்றாள் அக்கா.

“சும்மா இருடீ,” என்றார் அப்பா.

மறுநாள் அட்டைகளை அவளே வெந்நீர் அடுப்பில் போட்டாள். பிறகு ஒரு சொல்லும் எழுதவில்லை.

அகராதியின் இந்தப் பக்கத்தைக் கையால் எழுதி எடுத்துக்கொண்டு சனிக்கிழமை நாகர்கோவிலுக்கு, அக்கா வீட்டுக்குப் போகிறேன். அவள் சொன்னதே சரி என்று, அன்று பெண் பார்க்க வந்து சிரித்த அத்திம்பேர் முன்னால் வைத்தே சொல்லிவிட வேண்டும்.