சேற்றுக்கு அடியில் ஓர் எண்

மல்லசமுத்திரம் டீக்கடையில் என் பக்கத்தில் உட்கார்ந்தார் ஒரு டேங்கர் லாரி ஓட்டுநர். பத்து விரல்களில் ஆறில் தோல் உரிந்திருந்தது. டீயை மூன்று முறை மோந்து பார்த்த பிறகே குடித்தார்.

“விரலுக்கு என்னங்க ஆச்சு?” என்றேன்.

“கம்பெனிக் கழிவுங்க, சாமி. கொண்டுபோயி கடல்ல கொட்டிப்போடுவோமுங்க. போன தடவ நாலு ஆமை செத்து ஒதுங்குச்சுங்க.”

“மாட்டேன்னு சொல்ல வேண்டியதுதானே?”

“நான் எறங்குனா இன்னொருத்தன் ஏறிக்குவானுங்க.”

புகார் செய்வதற்காக, எதிரே நின்ற அவர் வண்டியின் எண்ணைக் குறித்துக்கொண்டேன். சேறு அப்பியதில் பாதிதான் தெரிந்தது. நான் எழுதியதை அவர் எட்டிப் பார்த்தார்.

“கடைசியில ஒண்ணு இல்லீங்க, ஏழு” என்று சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினார்.

பிடித்தால் முதலில் உள்ளே போவது அவர்தான். அது அவருக்குத் தெரியாமலா இருக்கும்?