சந்தனம் வைத்த பிட்

ஒரு இடத்தில் உட்கார்ந்திருக்க எனக்கு ஆகாது. காலில் சக்கரம் கட்டிக்கொண்டு பிறந்தவள் என்பாள் அம்மா. அப்படிப்பட்டவளுக்கு வாய்த்த வேலை, ஒரு இரும்பைத் தொடாமல் முப்பது நாள் பார்த்துக்கொண்டிருப்பது. அருங்காட்சியகப் பொருள்களைப் பாதுகாப்பதற்கான பயிற்சி. திருச்செங்கோட்டில் வீட்டிலிருந்தபடியே, லேப்டாப் வழியாக. வீட்டிலுள்ள உலோகப் பொருள் ஒன்றைத் துடைக்காமல், நகர்த்தாமல், துரு எப்படிப் பரவுகிறது என்று தினமும் படம் எடுத்து எழுத வேண்டும். அறிக்கையைப் பார்த்து ஒரே ஒருவருக்கு ஆய்வகத்தில் நேரடி இடம். அந்த இடத்தின் மேல் எனக்கு வெறி.

நான் எடுத்துக்கொண்டது பின்கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பழைய பிட். போர்வெல் வண்டியில் பாறையைக் குடைகிற இரும்புத் தலை. அந்த வண்டியை ரிக் என்பார்கள்; அப்பா அதில் டிரில்லர், வேலை வெளிமாநிலங்களில். "என்ற வேலைக்கு இதுதான் சாமானம், கை வெச்சுப்போடாதீங்க" என்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொல்லியிருந்தேன். அவள் அந்தப் பக்கம் கூட்டுவதையே விட்டுவிட்டாள். நான் நாளைக்குப் பத்துத் தடவை போய்ப் பார்ப்பேன். அதன்மேல் பல்லி ஏறினால்கூட எனக்குப் பதறும்.

இருபத்து மூன்றாம் நாள் ஆயுத பூஜை. முந்தின நாள்தான் அப்பா ஒடிசாவிலிருந்து வந்திருந்தார். காலையில் கேமராவோடு போனால் பிட்டைக் காணோம். கூடத்தில், சாமி படத்துக்கு முன்னால் இருந்தது. டீசல் போட்டுக் கம்பி பிரஷில் தேய்த்து, வெள்ளி பெயிண்ட் அடித்து, சந்தனமும் குங்குமமும் வைத்திருந்தார்கள்.

"அய்யோ, என்னுங்கப்பா பண்ணி வெச்சிருக்கீங்க! நாசமாப் போச்சு!"

நல்ல நாளும் அதுவுமாக அப்படிக் கத்தினேன். அப்பாவின் விரலில் பெயிண்ட் இன்னும் காயவில்லை.

"உன்ற வேலைச் சாமானம்னு அம்மா சொல்லுச்சு சாமி. அதான் என்ற ஸ்பேனருக்கெல்லாம் முன்னாடி வெச்சேன். தொழில் சாமானத்தை அழுக்கோட கும்புட முடியுமா?"

அன்று முழுக்க வாசலுக்கும் பின்கட்டுக்குமாக நடந்தேன். பழைய படம் ஒன்றை வெளிச்சம் மாற்றி அனுப்பிவிட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? இரண்டு தடவை அனுப்பப் போனேன், மனசு வரவில்லை. கடைசியில் அப்பாவிடமே கேட்டேன்: எவ்வளவு டீசல், எந்த பிரஷ், எவ்வளவு நேரம். போலீசிடம் மாட்டியவர்போல் கையைக் கட்டிக்கொண்டு பதில் சொன்னார். படிவத்தில் 'காரணம்' என்ற இடத்தில் 'வழிபாடு' என்று எழுதினேன்.

அப்பா ரிக்குக்குத் திரும்பிய பிறகுதான் முடிவு வந்தது. இடம் வேறொருவருக்கு. பதிவு நேர்மையாக இருப்பதாகவும், கண்காணிப்பு பாதியில் அறுந்துவிட்டதாகவும் எழுதியிருந்தார்கள். நேர்மையை வைத்துக்கொண்டு நாக்கு வழிக்கவா என்று அம்மாவிடம் எரிந்து விழுந்தேன்.

சாயங்காலம் அப்பா போன் செய்தார். பின்னால் கம்ப்ரஸர் இரைச்சல்.

"ரிசல்ட்டு வந்துருச்சாமா? என்னாலதான் போச்சா சாமி?"

"இல்லீங்கப்பா, கெடைச்சிருச்சுங்க." வாய் தானாகச் சொல்லிவிட்டது.

இரைச்சல் நின்றது. வண்டியையே நிறுத்தச் சொல்லிவிட்டார் போல.

"அப்பாடா!" என்றார். "லீவு சொல்லிப்போட்டு நாளைக்கே வாரேன். தனியாப் போயிராத சாமி, நானே கூட்டிக்கிட்டுப் போயி உட்டுட்டு வாரேன்."