பட்டாசுப் பெட்டியில் போன மீன் வீடு

கடலே இல்லாத மாவட்டத்திலிருந்து கடல் முகாமுக்கு விண்ணப்பித்திருந்தேன். மாநில அரசும் பல்கலைக்கழகங்களும் சேர்ந்து கடல்வளத்தைப் பராமரிக்கும் திட்டத்தில் பள்ளி மாணவர்களுக்கும் ஐந்து நாள் முகாம் உண்டு. அதற்கான தேர்வு போன சனிக்கிழமை தூத்துக்குடியில் நடந்தது. நாமே செய்த மாதிரி வடிவம் ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். பத்தரைக்குப் பதிவை முடித்துவிடுவார்கள்.

நான் செய்தது செயற்கைப் பாறை. மீன்கள் ஒதுங்குவதற்காகக் கடலடியில் இறக்கும் சிமெண்ட் கூடு. ஆலங்குளம் சிமெண்ட், ஓரடி உயரம், பன்னிரண்டு ஓட்டைகள், ஒன்பது கிலோ.

காலை ஆறு மணிக்கு அம்மாவும் நானும் சிவகாசியில் கோவில்பட்டிப் பேருந்தில் ஏறினோம். நடத்துநர் எங்கள் பெட்டியைப் பார்த்துவிட்டு விசில் ஊதினார்.

"பஸ்ஸுல பட்டாசு ஏத்தக் கூடாதுன்னு தெரியாதாக்கா? இறங்குங்க."

அப்போதுதான் பெட்டியை நானும் பார்த்தேன். அம்மா நாரணாபுரத்தில் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்க்கிறார். எங்கள் வீட்டில் சேலை, பாடப்புத்தகம் எல்லாமே பட்டாசு அட்டைப்பெட்டியில்தான் இருக்கும். அதன்மேல் 'பட்டாசு' என்றிருக்கும் சிவப்பு எழுத்து எங்கள் கண்ணில் படுவதே இல்லை.

"பட்டாசு இல்லண்ணாச்சி, மீனுக்கு வீடு," என்றேன்.

"மொதல்ல மனுசனுக்குக் கட்டுங்கப்பா," என்றது பின்சீட்டிலிருந்து ஒரு குரல்.

பெட்டியைச் சுற்றி நாலு சுற்று டேப். பிரித்துக் காட்ட நேரமில்லை. எங்களை இறக்கிவிட்டுப் பேருந்து போய்விட்டது. எனக்கு அழுகை வந்தது.

அம்மா டேப்பைக் கிழித்து, பெட்டியை உள்பக்கம் வெளியே வரும்படி திருப்பி மடித்தார். கம்பெனி வேகம், இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. டீக்கடையில் சணல் வாங்கிக் கட்டி, மேலே மூடாமல் விட்டோம். ஆறு நாற்பது வண்டியின் நடத்துநர் எட்டிப் பார்த்து, "கோழிக்கூடா?" என்றார். ஆமாம் என்று தலையாட்டினேன். ஏறினால் போதும்.

கோவில்பட்டிக்கு 45 கி.மீ., ஆளுக்கு 35 ரூபாய். அங்கிருந்து தூத்துக்குடிக்கு 60 கி.மீ., 50 ரூபாய். ஆட்டோவுக்கு 120. பதிவு மேசையை அடைந்தபோது மணி பத்து இருபத்திரண்டு.

மீன்வளத் துறை அதிகாரி ஒருவரும் பேராசிரியை ஒருவரும் பார்த்தார்கள். "புது சிமெண்ட்ல சுண்ணாம்பு கசியும், மீனுக்கு ஆகாது. எத்தனை நாள் ஊற வச்ச?" என்று பேராசிரியை கேட்டார். பதற்றத்தில் எனக்கு நினைவே வரவில்லை.

"முப்பத்தஞ்சு நாளு மேடம்," என்றார் பின்னால் நின்ற அம்மா. "எங்க ஊர்ல தண்ணி வர்றதே எப்பவாச்சும்தான். வாராவாரம் இதுக்குன்னு ரெண்டு கொடம் ஊத்துனேன்."

அதிகாரி சிரித்துவிட்டார். பேராசிரியை கூட்டை அங்கிருந்த மீன் தொட்டியில் இறக்கச் சொன்னார். மூன்று மணிக்குத் தேர்வானவர்களின் பட்டியல் வந்தது, ஏழாவது பெயர் என்னுடையது. கிளம்பும்போது தொட்டிக்குள் எட்டிப் பார்த்தேன். விரல் நீள மீன் ஒன்று ஒரு ஓட்டைக்குள் புகுந்து, வாலை மட்டும் வெளியே காட்டிக்கொண்டிருந்தது.

எங்கள் பக்கத்திலிருந்து போகிறவர்கள் முதல் பேருந்தைப் பிடியுங்கள். சாப்பாடு கட்டிக்கொள்ளுங்கள், வளாகத்துக்குப் பக்கத்தில் கடை இல்லை. முக்கியமாக, பெட்டியை வீட்டிலேயே திருப்பி மடித்துவிடுங்கள்.

கூடு அங்கேயே இருக்கட்டும் என்றார்கள். காலிப் பெட்டியை எறியப் போனேன்.

"ஏட்டி, மடக்கி வை," என்றார் அம்மா. "அஞ்சு நாளு முகாமுக்குத் துணிமணி எதுல கொண்டுபோவ?"