மறுநாள் ஓடியவன்

எங்கள் கால்பந்துக் குழுவில் ஓடத் தெரிந்தவன் ஒருவன்தான். மற்ற பத்துப் பேரும் அவன் போன திசையில் போவார்கள். அறுபதுகளின் கடைசி. பகலெல்லாம் அடுத்தவர் வீட்டுத் தறிக்குழியில் மிதி மிதிப்பான். விடியுமுன் ஓரிக்கை வரை பாலாற்று மணலில் ஓடுவான். நான் குழுவின் செயலாளர். அரசு வேலையில் புதிதாகச் சேர்ந்த எழுத்தர். பந்து உதைக்க வராது, விதிகள் வரும்.

போலீஸ் வேலைக்கு ஓட்டக்காரர்களை எடுத்தார்கள். அவனும் குழுவின் மூலமாக மனுப் போட்டிருந்தான். வயது வரம்பு அந்த வருடத்தோடு முடிகிறது. செங்கல்பட்டில் ஓட்டத் தேர்வு என்ற கடிதம் ஆங்கிலத்தில் என் முகவரிக்கு வந்தது.

"எப்போண்ணா?" என்றான்.

கடிதத்திலிருந்த தேதியைச் சுவர்க் காலண்டரில் பார்த்தேன். "அமாவாசை அன்னிக்கு."

"அட்றா சக்கை! லீவு கேக்கவே வேணாம்."

நெசவாளர்களுக்கு அன்று தறி ஓடாது. நாட்களை அதை வைத்துத்தான் எண்ணுவார்கள். அந்த மாதம் அமாவாசை ஒரு நாள் பிற்பகலில் பிறந்து மறுநாள் முடிந்தது. எங்கள் வீட்டுப் பஞ்சாங்கம் முதல் நாளைச் சொன்னது, அவன் முதலாளி வீட்டுப் பஞ்சாங்கம் மறுநாளை. இரண்டும் ஒத்துப்போகாது என்பது ஊரறிந்தது. தேதியைச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவன் மறுநாள் போனான். மைதானத்தில் கயிறு சுருட்டிக்கொண்டிருந்த சிப்பந்தி, "நேத்தே முடிஞ்சிபோச்சிப்பா. வந்ததுக்கு ஓடிக் காட்டு, பாக்கலாம்" என்றாராம், பொழுதுபோக்குக்கு. நாலு சுற்று ஓடியிருக்கிறான். கைக்கடிகாரத்தைப் பார்த்த சிப்பந்தி, "நேத்து முதல்ல வந்தவன் உனக்குப் பின்னாலதான்" என்று சொல்லிவிட்டுக் கதவைப் பூட்டிப் போய்விட்டார்.

அன்று மாலை என்னிடம் வந்தான். தகவல் தவறியது தன் பிழை என்று செயலாளர் ஏழு நாளுக்குள் எழுதிக் கொடுத்தால் மறுதேர்வு உண்டு. அந்த விதி எனக்கு மனப்பாடம். அவனுக்கும் யாரோ சொல்லியிருந்தார்கள்.

"ஒரு வரி எழுதுண்ணா. உன் தப்புன்னு கூட வேணாம், மறந்துட்டேன்னு எழுது."

"கையெழுத்துப் போட்டா என் வேலை நிரந்தரமாகுமா? யோசிச்சுப் பேசு."

"என் வேலை?"

"உனக்கு என்னப்பா, தறி இருக்குதே."

அதைச் சிரித்துக்கொண்டே சொன்னேன். ஏழு நாளும் கழிந்தன. உள்ளூரக் கொஞ்சம் திருப்தியும் இருந்தது: அடுத்த வாரம் இறுதி ஆட்டம், அவன் எங்கும் போய்விடவில்லை.

ஆட்டத்துக்கு வந்தான். சட்டை மாட்டினான். விசில் ஊதியதும் நடந்தான். பந்து காலுக்கு வந்தால் பக்கத்திலிருப்பவனுக்குத் தட்டிவிட்டு நடந்தான். கோல் எதிரே ஆளில்லாமல் பந்து உருண்டபோதும் நடந்தே போனான். எதிரணிக்காரன் ஓடிவந்து எடுத்துக்கொண்டான்.

"ஓடுடா, ஓடு!" கோட்டுக்கு வெளியே நின்று தொண்டை கிழியக் கத்தினேன். என் பக்கம் திரும்பவேயில்லை. நடுவரிடம் முறையிட்டேன். "நடக்கக் கூடாதுன்னு எந்த ரூல்ல சார் இருக்குது?" என்றார் அவர்.

எந்த விதியிலும் இல்லை. நாலு கோலில் தோற்றோம்.